புல்லை மாற்றவில்லை, மண்ணைத்தான் கிளறினேன்: ஒரு முற்றத்தின் மூன்று வருடக் கதை

குமரி மாவட்டத்தில் வில்லுக்குறிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது, முற்றத்தில் ஒன்றரை சென்ட் இடத்தில், அதாவது ஏறக்குறைய 650 சதுர அடியில், கொரியன் புல் பதித்தோம். சதுர அடிக்கு 35 ரூபாய் ஆனது. முதல் ஓணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். அடுத்த பங்குனியில் அது சொறி பிடித்த நாயின் முதுகைப் போல ஆகிவிட்டது. ஆங்காங்கே சொட்டை, சொட்டையெல்லாம் கோரை, சக்கை மரத்தின் (பலா மரத்தின்) அடியில் வெறும் தரை.

பதித்துக் கொடுத்தவரைக் கேட்டால், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது என்றார். மறுபடியும் 23,000 ரூபாய்! அந்தக் கோபத்தில்தான் நானே இறங்கினேன்.

இறங்கியதும் செய்த முதல் காரியமே முட்டாள்தனம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, புல்லுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்து, காலைப் பனி காயாத இலைமேல் கைநிறைய வாரி இறைத்தேன். பிறகு தண்ணீரும் விடவில்லை. மூன்றாம் நாள் என் கை வீசிய வாக்கிலேயே, பிறை பிறையாகப் புல் கருகிக் கிடந்தது.

களை பறிக்க வரும் பாட்டி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மக்களே, மேலே போட்டது இருக்கட்டும், அடியில் என்ன கிடக்கிறதென்று பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்து ஒரு சொட்டையில் குத்தினார். நான்கு விரல்கடை ஆழத்தில் 'டங்' என்றது. தோண்டினால் இறுகிப்போன சிமென்ட் கட்டி, அரைச் செங்கல், சாக்குத் துண்டு. வீடு கட்டிய மிச்சத்தின்மேல் செம்மண்ணைத் தூவி, அதன்மேல் புல்லை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேர் இறங்க இடமே இல்லை. புல்லைக் குறைசொல்லி என்ன பயன்?

பெரிய சொட்டைகளை ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, பன்னிரண்டு சட்டி கழிவை வெளியே கொட்டினேன். செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து குழிகளை நிரப்பினேன். உயிருள்ள புல் இருந்த இடங்களைத் தோண்டவில்லை. ஒரு சாண் இடைவெளியில் கம்பியால் குத்தித் துளையிட்டு, மேலே சலித்த ஆற்றுமணலைப் போட்டு, ஈர்க்கு வாரியலால் பெருக்கித் துளைக்குள் தள்ளினேன். முதலில், கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்டைத்தான் போட்டுப் பார்த்தேன். கழுவாத எம் சாண்டில் இருக்கும் மாவு ஈரத்தில் இறுகி, திறந்த துளையை மறுபடியும் அடைத்துவிட்டது. மூன்று வருடத்தில் செலவுக்கும் உழைப்புக்கும் மிக அதிகமாகப் பலன் தந்தது இந்தத் துளையும் மணலும்தான். இன்றும் வருடம் ஒருமுறை செய்கிறேன். முதுகு வலிக்கும், வேறு குறை இல்லை.

நேரம் முக்கியம். நம் மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், இடவப்பாதி எனும் தென்மேற்கு மழை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு வேலையை முடித்துவிட்டேன். ஜூனில் சாரல் பிடித்ததும் ஓடுதண்டுகள் துளைகளைத் தேடி ஊர்ந்தன. ஆவணிக்குள் உள்ளங்கை அளவுச் சொட்டைகள் மூடிவிட்டன. அதே வேலையை ஒரு வருடம் ஐப்பசியில் செய்து கெட்டேன். அடைமழை மணலை வாசல்படி வரை கொண்டுவந்து சேர்த்தது.

கோரை மட்டும் இன்றுவரை எனக்கு அடங்கவில்லை. இலையைப் பிடித்து இழுத்தால் இலைதான் கையோடு வரும். மழை பெய்து மண் இளகியபின் சிறு கம்பியை விட்டு நெம்பினால், ஒன்றோடொன்று சரடு கோத்தாற்போலக் கருப்புக் கிழங்குகள் வரும். நகத்தால் கீறினால் கற்பூரம் கலந்த மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனைக்காகவே பாதி நாள் களை பறிக்கிறேன் என்று வீட்டில் கேலி. ஒரு கிழங்கு தங்கினாலும் மறுபடியும் முளைக்கிறது.

வெட்டுவதிலும் அடிபட்டேன். ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் தோள்மாட்டு இயந்திரக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தோட்டத்தில் செய்வதுபோலவே தரையோடு வழித்துவிட்டார். ஒரு மாதம் தரை மஞ்சளாகக் கிடந்தது. பிறகு கையால் தள்ளும் புல்வெட்டி வாங்கினேன். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. நல்ல கருவிதான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் கத்தி துருப்பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவினால்தான் சுழலும். நனைந்த புல்லில் சிக்கிக்கொள்ளும், கார்த்திகை முடியும்வரை கொட்டகையில்தான் தூங்கும்.

சக்கை மரத்தடியில் கொரியன் புல்லை இரண்டு முறை நட்டுத் தோற்றேன். அதற்கு நேர்வெயில் வேண்டும், நிழலில் நூலாக மெலிந்து சாகிறது. இப்போது அங்கே நர்சரிக்காரர்கள் பஃபல்லோ புல் என்று விற்கும் அகன்ற இலைப் புல். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேலியோரம் வெட்டிப்போட்ட தண்டுகளை இலவசமாக வாங்கி நட்டது. பட்டுப்போல இருக்காது, காலில் சற்றுச் சொரசொரக்கும். மரத்தை ஒட்டிய நான்கடியில் அதுவும் வரவில்லை. அங்கே இரண்டு கருங்கல் பலகை போட்டுவிட்டேன். சக்கை வெட்டும் நாளில் அதில்தான் உட்காருகிறோம், புல்லில் பிசின் ஒட்டுவதில்லை.