புளி போட்டுத் தேய்த்த தகடும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஜம்பரும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஸ்பீக்கர்களை அறையிலிருந்து முற்றத்தைச் சுற்றிய வளவுக்கு நகர்த்தினோம். பின்பக்கம் இருந்த மஞ்சள் தகடுகள் நான்கையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் கிண்ணத்தைக் காணோம். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றோடும் சேர்த்து அந்தத் தகடுகளையும் ஆச்சி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முற்றத்து வெயிலில் காயவைத்திருந்தார். "என்ன தம்பி, இத்தனை நாளா இதைத் தேய்க்காமலே வச்சிருந்திருக்கே" என்று என்னிடமே குறை வேறு. மேலே இருந்த தங்கமுலாம் அங்கங்கே போய், உள்ளே இருக்கிற பித்தளை பளபளவென்று தெரிந்தது.

மாட்டிக் கேட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஐந்தாறு மாதம் கழித்து வலதுபக்க ஸ்பீக்கரில் மேல்ஸ்தாயி விட்டு விட்டு வர ஆரம்பித்தது. நாகஸ்வரம் போட்டால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் போர்வை போர்த்தியது மாதிரியும் இருக்கும். அப்போதுதான் அந்தத் தகடுகளுக்குப் பதில் வேறு ஜம்பர், அதாவது வேறு இணைப்புத் துண்டு, மாட்டுவது பற்றி யோசித்தேன். யோசனையோடு நிற்காமல், சென்னையில் இருக்கிற சித்தப்பா மகனிடமும் சொல்லித் தொலைத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக. சில ஸ்பீக்கர்களில் பின்னால் இரண்டு திருகுக்குப் பதில் நான்கு இருக்கும். மேலே உள்ள ஜோடி மேல்ஸ்தாயி தருகிற ட்வீட்டருக்கு, கீழே உள்ளது கீழ்ஸ்தாயி தருகிற ஊஃபருக்கு. ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபையர்) ஒரே ஒரு ஜோடி ஒயர் இழுக்கிறவர்களுக்காக, மேலையும் கீழையும் இணைக்க கம்பெனிக்காரர்களே தகடு கொடுத்துவிடுகிறார்கள். இந்தத் தகட்டைத்தான் 'சத்தத்தின் எமன்' என்று பலர் திட்டுகிறார்கள்.

தம்பி அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்தான். வெள்ளிமுலாம் பூசிய செம்பு, முனையில் தங்கமுலாம், மொத்தம் நான்கு ஜம்பர், ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். "அண்ணே, மாட்டிப் பாருங்க, திரை விலகின மாதிரி இருக்கும்" என்றான். மாட்டினோம். விலகியது! நிஜமாகவே விலகியது, பொய் சொல்ல மாட்டேன். ட்வீட்டர் திரும்ப வந்துவிட்டதே, விலகாமல் என்ன செய்யும்?

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. புது ஜம்பர் மாட்டும்போது நான்கு திருகையும் கழற்றி, துடைத்து, இறுக்கினோம். சத்தம் மாறியதற்கு ஜம்பர் காரணமா, துடைத்து இறுக்கியது காரணமா? பழைய தகட்டையும் அதே மாதிரி துடைத்து இறுக்கிக் கேட்டால்தானே நியாயம்.

மின்தடையை அளக்கலாம் என்றால், சாதா மல்டிமீட்டரின் ஓம் பக்கம் இதற்கு ஆகாது, மீட்டரின் ஒயருக்கே கால் ஓம் வரை இருக்கும். அதனால் மோட்டார் வைண்டிங் கடை நண்பரிடம் போய், ஒவ்வொரு ஜம்பர் வழியாகவும் ஒரு ஆம்பியர் விட்டு, இரண்டு முனைக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பார்த்தோம். ஒரு ஆம்பியரில் ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லி ஓம், கணக்கு சுலபம். துடைத்து இறுக்கிய பித்தளைத் தகடு 0.4. தம்பியின் ஜம்பர் 1.0. ஸ்பீக்கருக்கு இழுத்தது போக மிச்சம் கிடந்த ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரில் பன்னிரண்டு சென்டிமீட்டர் வெட்டி, முனையை முறுக்கி நானே செய்தது 1.1. கறுத்துப்போய் லேசாகத் தளர்ந்த பழைய தகடு மட்டும் 40க்கும் 90க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது, விரலால் தட்டினால் சில நேரம் தொடர்பே விட்டுப்போனது.

எல்லோரும் திட்டுகிற தகடுதான் இருப்பதிலேயே குறைவு! யோசித்தால் இதில் மர்மம் இல்லை. செம்பைவிடப் பித்தளை மூன்று நான்கு மடங்கு மோசமான கடத்திதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகடு நான்கு சென்டிமீட்டர்தான் நீளம், பத்து மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அந்தக் குறுக்களவு ரெண்டரை ஸ்கொயர் ஒயரைவிட ஆறு மடங்கு. இன்னொன்று, செட்டிநாட்டில் சொன்னால் அடிக்க வருவார்கள், தங்கம் செம்பைவிட மோசமான கடத்தி. அதை முலாமாகப் பூசுவது கறுக்காமல் இருப்பதற்காக மட்டுமே. வெள்ளி செம்பைவிட மேல்தான், அதுவும் ஆறு சதவீதம் போல.

இந்த மில்லி ஓம் சண்டையை மற்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வரை நான்கு மீட்டர், போக வர எட்டு மீட்டர், ரெண்டரை ஸ்கொயரில் அதுவே சுமார் 54 மில்லி ஓம். ஊஃபருக்கு முன்னால், சத்தத்தை மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயி என்று பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் இருக்கும் சுருள் 200லிருந்து 500 மில்லி ஓம் வரை இருக்கும். எட்டு ஓம் ஊஃபரின் கூம்பை அசைக்கிற சுருளான வாய்ஸ் காயிலே கிட்டத்தட்ட ஆறு ஓம் செம்புக் கம்பி, அதாவது 6000 மில்லி ஓம். சத்தமாக வைத்து அந்தச் சுருள் 50 டிகிரி சூடேறினால் அதன் தடை ஒரு ஓமுக்கு மேல் கூடிவிடும். நீங்கள் பாட்டுக் கேட்கும்போதே ஸ்பீக்கருக்குள் 1000 மில்லி ஓம் ஏறி இறங்குகிறது, நாம் வெளியே 0.6 மில்லி ஓமுக்கு வெல்வெட் பெட்டி வாங்குகிறோம்.

சரி, எண்ணை விடு, காது என்ன சொல்கிறது என்று தம்பி விடவில்லை. அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு ஜம்பரைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிடும், அதற்குள் பழைய சத்தம் எப்படி இருந்தது என்பது காதுக்கு மறந்து, மனசு சொல்வதுதான் மிஞ்சும். அதனால் இரண்டு ஸ்பீக்கரையும் ஒட்டி வைத்து, ஒன்றில் துடைத்த தகடு, இன்னொன்றில் தம்பியின் ஜம்பர், இரண்டிலும் ஒரே சத்தம் வரும்படி ஆம்பை மோனோவில் போட்டு, ஆச்சி மகன் பின்னால் உட்கார்ந்து காசு சுண்டி இடது வலது மாற்றினான். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடாமல் இருக்க, பாதியில் ஜம்பர்களை ஸ்பீக்கர் மாற்றி மாட்டி, தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டான். 12 தடவையில் 7 சரி. குறைந்தது பத்து சரியாக வந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன், ஏழு என்பது கண்ணை மூடிச் சொன்னாலே வரும். எனக்கு 5. தம்பி சாப்பிடும்வரை பேசவில்லை.

தம்பியின் ஜம்பருக்கும் என் மிச்ச ஒயருக்கும் இந்தச் சோதனையை வைக்கவே இல்லை, அவனுக்கே ஆர்வம் போய்விட்டது.

நான்கு கோர் ஒயர் போட்டு, ஜம்பரே இல்லாமல் ஆம்பிலிருந்து தனித்தனியாக இழுக்கிற பை-ஒயரிங் பற்றிக் கேட்பீர்கள். அதில் கொள்கை அளவில் ஒரு நியாயம் உண்டு: ஊஃபர் இழுக்கும் மின்சாரத்தால் ஒயரில் விழும் வோல்டேஜ் ட்வீட்டருக்குப் போகாது. ஆனால் என் வீட்டு நீளத்துக்கு அந்த இழப்பே மொத்தம் 0.06 டெசிபல் அளவுதான். ஒயர் செலவு மட்டும் இரட்டிப்பு. வளவைத் தாண்டி இருபது மீட்டர் இழுக்கிறவர்கள் அதற்குப் பதில் நான்கு ஸ்கொயர் ஒயராக வாங்கிக்கொள்ளலாம். சிகப்பை மேல் திருகிலும் கறுப்பைக் கீழ்த் திருகிலும் குறுக்காக மாட்டுவது என்று ஒன்று உண்டு, காசு செலவில்லை, கெடுதலும் இல்லை, மேலே என்ன சொல்ல.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். இரண்டு ஆம்ப் வைத்து மேலையும் கீழையும் தனித்தனியாக ஓட்டுவதென்றால் தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஒயர் மாட்ட வேண்டும். தகடு இருந்தால் ஒரு ஆம்பின் வெளியீடு இன்னொன்றின் வெளியீட்டில் போய் முட்டும், கடைசியில் இரண்டும் கருகலாம்.

ஆக எனக்குத் தேர்வு எப்போது மாறும் என்றால், தகடு கறுத்து, முலாம் போயிருந்தால் மிச்ச ஒயர். முலாம் நன்றாக இருந்தால் தகடே. வெல்வெட் பெட்டி எந்த நிலையிலும் இல்லை. தகட்டை ஐசோபிரைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம், புளி வேண்டவே வேண்டாம், அமிலம் ஓரத்தில் தங்கி அடுத்த மழைக்காலத்தில் வேலையைக் காட்டும். ஒயர் முனையில் ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் திருகைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கையாலே இறுக்கினால் போதும், குறடு போட்டால் பிளாஸ்டிக் உடையும். உலோகம் அரிப்பதைப் பற்றியும் ஆராய்கிற, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் காரைக்குடியில்தான் இருக்கிறது, நான் அதன் வாசல் வழியாகப் பல வருஷம் சைக்கிளில் போனவன், புளி விஷயம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

என் அறைக்கு ஜம்பரால் ஆகாதது ஒரு ஜமக்காளத்தால் ஆனது. கண்ணாடி மேல் வார்த்த ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக் கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், பதினாலு அடி உயரம்: கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் படபடவென்று பறக்கும். மைக் வைத்து அளந்தபோது சத்தம் அடங்க இரண்டு வினாடிக்கு மேல் ஆனது. பாட்டுக் கேட்கிற அறைக்கு அரை வினாடி போல இருந்தால் நல்லது. பெட்டகத்தில் கிடந்த பெரிய ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் சாய்த்தேன். வினாடி ஒன்றுக்குக் கீழே வந்தது. இதற்குக் கண்ணைக் கட்ட வேண்டியிருக்கவில்லை, அறைக்குள் வந்த ஆச்சியே "என்ன, இன்னைக்கு வார்த்தை புரியுது" என்றார்.

இப்போது பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த ஜமக்காளத்தைக் கேட்டிருக்கிறார்கள். கொடுத்தாக வேண்டும். அது திரும்பி வரும்வரை ஹெட்ஃபோன்தான்.