மூவாயிரம் ரூபாய் இரும்பு முள்

பள்ளத்தூர் வீட்டின் பின்பக்கம் ஐந்து தென்னை நின்றது. வழக்கமாக ஏறுகிற அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. வேறு ஆள் பிடிக்க கோட்டையூர் வரைக்கும் ஃபோன் போட வேண்டும். வந்தால் மரத்துக்கு நூறு ரூபாய்; எப்போது வருவார் என்பது அவர் சௌகரியம். நான் மதுரையிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து போகிறவன். நெற்று ஒன்று விழுந்து மூன்றாங்கட்டில் (வீட்டின் பின்பகுதி) நாலு ஓடு உடைந்த ராத்திரி, படுத்துக்கொண்டே ஆன்லைனில் மரம் ஏறக் காலில் கட்டும் முள், ஸ்பர் என்பார்கள், ஒரு ஜோடிக்கு ஆர்டர் போட்டேன். 2,950 ரூபாய், இடுப்பு பெல்ட் இலவசம்.

பார்சலில் வந்தது இதுதான்: ‘ட’ மாதிரி வளைத்த இரண்டு இரும்புப் பட்டை, பாதத்தின் உள்பக்கமாகக் கீழ்நோக்கி நீட்டிய ஒரு முள், கணுக்காலுக்கு ஒரு வார், முழங்காலுக்குக் கீழே ஒரு வார். கெண்டைக்காலில் படுகிற இடத்துக்கு சோபா ஸ்பாஞ்ச். முதல் நாளே அது நசுங்கி இரும்பு காலில் பதிந்துவிட்டது. காரைக்குடியில் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து கெட்டித் தோல் வைத்துத் தைத்த பிறகுதான் கட்ட முடிந்தது. கேன்வாஸ் ஷூவும் ஆகாது. உடம்பின் முழு எடையும் உள்ளங்காலுக்குக் கீழே ஓடும் அந்த ஒற்றைப் பட்டையில்தான் நிற்கிறது (எனக்கு 82 கிலோ). குதிகால் வைத்த, அடி வளையாத சேஃப்டி ஷூ வேண்டும்.

இலவச பெல்ட்டின் தையலைப் பார்த்ததும் அதை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். செக்காலை ரோட்டு ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்காரர்கள் போடும் பெல்ட்டை எடுத்துக் காட்டினார்கள். அதில் முதுகில் மட்டும்தான் வளையம். விழுந்தால் பிடிக்கும், ஆனால் மரத்தில் சாய்ந்து நிற்க உதவாது. இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். மரத்தைச் சுற்றி வருகிற கயிறு அந்த இரண்டில்தான் மாட்டும்.

ஏறுவதில் ஒரு விஷயம் பிடிபட எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆனது. நம் ஊரில் காலில் தளைக் கயிறு போட்டு ஏறுகிறவர்கள் மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த நானும் பயத்தில் அணைத்தேன். இரண்டு முள்ளும் வெட்டிக்கொண்டு வெளியே வந்து, முழங்கை வரை சிராய்ப்பு. ஸ்பருக்கு வேண்டியது நேர் எதிர். கயிற்றில் பின்னால் சாய்ந்து, முழங்காலை மரத்திலிருந்து தள்ளி வைத்தால்தான் முள் சாய்வாக இறங்கிப் பிடிக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரத்திலேயே இதைப் பழகிக்கொள்வது நல்லது.

சரி, ஏறினேன். பதினோரு ஓட்டை. ஆத்தா கீழே நின்று, “ஏம்ப்பா, மரத்தைப் போட்டு இப்படிக் குத்துற?” என்றார். காது கொடுக்கவில்லை. அடுத்த மாதம் வந்து பார்த்தால் இரண்டு ஓட்டையிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருந்தது. வேம்பிலோ மாவிலோ காயம் பட்டால் ஓரத்திலிருந்து புதுப் பட்டை வளர்ந்து மூடப் பார்க்கும். தென்னைக்கு அந்த வளர்ச்சி அடுக்கே கிடையாது. குத்திய ஓட்டை மரம் இருக்கிற வரை ஓட்டைதான். காயத்தின் வாடைக்கு சிவப்புக் கூன்வண்டு வேறு வந்து முட்டை வைக்கும். வேப்பெண்ணெயும் களிமண்ணும் குழைத்து அடைத்திருக்கிறேன், பார்க்கலாம். வெளிநாட்டில் மரம் ஏறுவதைத் தொழிலாகச் செய்கிறவர்களும் வெட்டி இறக்கப்போகிற மரத்துக்குத்தான் ஸ்பரைக் கட்டுவார்கள். ஸ்பர் விற்றவரின் இணையப் பக்கத்தில் பச்சைத் தென்னையில் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்தான் இருந்தது.

அப்படியானால் காசு வீணா? இல்லை. ஐந்தாவது மரம் ஐப்பசி இடியில் கருகி மொட்டையாக நின்றது. அரிவாள் முதுகால் தட்டி, உள்ளே பொக்கு இல்லை என்று தெரிந்துகொண்டு, பதினைந்தடி ஏறி, மரத்தைச் சாய்க்கக் கயிறு கட்டி இறங்கினேன். அந்த வேலைக்கு இந்த முள் நன்றாகவே உழைத்தது. ஆனால் என்னுடையது ஒன்றரை அங்குலம். மெல்லிய மரப்பட்டைக்குச் சரி. பழைய வேம்பின் தடித்த பட்டையைத் தாண்டாது, பட்டையோடு பெயர்ந்து வரும். அதற்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டும். முள் போல்ட்டில் மாட்டியதா, இரும்புப் பட்டையோடு பற்ற வைத்ததா என்றும் பாருங்கள். பற்ற வைத்திருந்தால் முனை தேய்ந்ததும் மொத்தமும் பழைய இரும்புதான்.

மீதி நாலு மரத்துக்கும் இரண்டு துண்டாக வரும் தென்னை ஏறும் மெஷின் வாங்கிவிட்டேன், 4,800 ரூபாய். கம்பி மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, குத்துவதில்லை. ஆமை வேகம், அக்குள் வலிக்கிறது. அதிலும் அதே பெல்ட்டைத்தான் போடுகிறேன். ஆத்தா முகப்புத் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஸ்பர் இப்போது ஆணியில் தொங்குகிறது. பட்டுப்போன பனை ஒன்றை இறக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அண்ணன் இரவல் கேட்டிருக்கிறார். பெல்ட்டையும் ஷூவையும் சேர்த்து எடுத்துப்போனால்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஷூ அவருக்கு ஒரு சைஸ் சின்னது.