ஓடையை மறித்த சுவர்: உயர்த்துவதா, இடிப்பதா, மதகு வைப்பதா?

சென்னையில் எங்கள் பேட்டைப் பூங்காவில் இருப்பதைக் குளம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பழைய ஆட்களைக் கேட்டால் ஓடை என்பார்கள். மேற்கே ஏழெட்டுத் தெருக்களின் மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டு பூங்கா வழியாக ஆற்றுக்குப் போன ஓடை அது. தண்ணீர் நின்றால் பார்க்க நன்றாயிருக்கும் என்று எப்போதோ கிழக்குக் கோடியில் இடுப்பளவுக்கு ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் நின்றது. அதோடு சேறு, ஆகாயத்தாமரை, பால் பாக்கெட், சாமி படம் எல்லாம் நின்றுவிட்டன.

போன மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது, சுவரை இன்னும் உயர்த்தி, ஆழமாகத் தூர்வாரி, சுற்றிலும் கல் பதித்து, படகும் நீரூற்றும் வைப்பது. இரண்டாவது, சுவரை இடித்து ஓடையை ஓட விடுவது. மூன்றாவது, சுவரைத் தணித்து நடுவில் மதகு வைத்து, கரையைச் சரிவாக்கிச் செடி நடுவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், மூன்றிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு மூன்றாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இப்போதைய நிலை. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். நூற்றுக்கணக்கான ஜிலேபிக் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் செத்து மிதந்தவற்றைத் தோட்டக்கார அண்ணன் வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு மூங்கில் கழியைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் காட்டினார். நனைந்த பகுதியில் மேலே ஒரு சாண்தான் தண்ணீர்த் தடம், அதற்குக் கீழே முழங்கை நீளத்துக்குக் கறுப்புச் சேறு. அழுகிய முட்டை வாடை அடித்தது. "மேல தண்ணி மாதிரிதான் தெரியும் தம்பி, உள்ள பூரா இதுதான்" என்றார். மழை அந்தச் சேற்றைக் கலக்கிவிட்டதும், தண்ணீரில் இருந்த கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் போய்விடுகிறது. பாசி மண்டிய தேங்கின நீரில் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். அதனால்தான் மீன்கள் அந்த நேரத்தில் சாகின்றன.

இப்போது முதல் யோசனை. இதைக் கேட்பவர்கள் எல்லோரும் சேத்துப்பட்டைத்தான் காட்டுகிறார்கள். 2016-இல் திறந்த சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் நடைபாதை, படகு, தூண்டில் போட இடம் என்று எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஊருக்கு நடுவே மக்கள் தண்ணீர்ப் பக்கம் வந்து உட்காருவதே பெரிய விஷயம்தான். ஆனால் அது ஏரி, நம்முடையது ஓடையின் மேல் உட்கார்ந்திருக்கும் தேக்கம். ஒவ்வொரு மழைக்கும் தெருமண்ணைக் கொண்டுவந்து சுவருக்குப் பின்னால் கொட்டும். இன்று பொக்லைன் வைத்து எவ்வளவு ஆழம் தோண்டினாலும் சில வருஷத்தில் மறுபடி தூர்வார வேண்டும். சுவரை உயர்த்தினால் மேற்கே உள்ள தெருக்களில் தண்ணீர் வடிவதும் தாமதமாகும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்கள் இதற்கு எப்படிக் கை தூக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் செங்குத்தான கல்கரை. அதில் தவளையோ ஆமையோ ஏற முடியாது, தவறி விழுந்த குழந்தைக்கும் பிடித்து ஏற இடமிருக்காது.

இரண்டாவது யோசனைக்காரர்கள் சிங்கப்பூரைச் சொல்கிறார்கள், நல்ல உதாரணம்தான். அங்கே பீஷான் – அங் மோ கியோ பூங்காவை ஒட்டி கல்லாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. கான்கிரீட்டை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் 3.2 கிலோமீட்டர் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். மழை வலுத்தால் ஆறு புல்வெளிமேல் பரவும், வடிந்ததும் ஜனங்கள் திரும்ப வந்து உட்காருவார்கள். வெள்ளத்துக்கு இடம் விடுவது என்றால் இதுதான். மீனும் மண்ணும் மேலிருந்து கீழே தடையில்லாமல் போகும்.

ஆனால் சிங்கப்பூரில் வருஷம் பூராவும் மழை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர், அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். சுவரை முழுக்க எடுத்துவிட்டால் பிப்ரவரியிலிருந்து ஆடி வரைக்கும் நம் ஓடையில் எது ஓடும்? சாக்கடை ஓடும், இல்லாவிட்டால் வெடித்த மண். 2019 கோடையில் ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டு கிடந்தன. நாலு மாசத்துக்காவது கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி நிலத்தடிக்கு விடுவது இந்த ஊருக்குத் தேவை. இன்னொரு விஷயம், சுவரை ஒரே நாளில் உடைத்தால் அந்தக் கறுப்புச் சேறு மொத்தமும் ஆற்றுக்குப் போய்விடும். எந்தத் தடுப்பை எடுப்பதானாலும் முதலில் சேற்றை அள்ளி, பிறகு படிப்படியாகத்தான் தணிக்க வேண்டும்.

மூன்றாவது யோசனை நமக்குப் புதிதே இல்லை. நம் ஏரிகளில் பாசனத்துக்கு மடை, உபரி நீருக்குக் கலங்கல் என்று இரண்டும் இருந்தன. நிறைந்தால் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அதே வேலையை இங்கேயும் செய்யலாம். சுவரை முழங்கால் அளவுக்குத் தணித்தால் மேலே கலங்கல் மாதிரி வழியும். நடுவில் அடிவரை ஒரு திறப்பு. அக்டோபரில் முதல் பெருமழைக்கு அதைத் திறந்துவிட்டால் புதிதாக வந்த வண்டல் தண்ணீரோடு போய்விடும். டிசம்பர் கடைசியில் அடைத்தால் கடைசி மழை நமக்கு நிற்கும். இரும்பு ஷட்டர் வேண்டாம் என்பேன். துருப்பிடித்து இறுகிவிட்டால் அதுவும் சுவர்தான். இரண்டு பக்கமும் காடி வெட்டி மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகினால் போதும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். இதன் பலவீனமும் அங்கேதான். தூக்க ஆள் வேண்டும், அதுவும் நடுராத்திரி மழையிலும்.

கரை விஷயத்தில் தொல்காப்பியப் பூங்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அடையாறு முகத்துவாரத்தின் உப்பங்கழியில் கட்டட இடிபாடுகள் கொட்டி மூடிக் கிடந்த இடம். 58 ஏக்கரில் குப்பையை அகற்றி, நீர்ப்பரப்பை மீட்டு, நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு 2011-இல் திறந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அலையாத்தி நடலாம் என்றார். அது கடல் ஏற்றம் வந்துபோகிற உப்புக் கழி, நம்முடையது நல்ல தண்ணீர் ஓடை. நமக்குக் கோரையும் சம்பும் போதும். தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தப் புதரில்தான்.

செடி வந்தால் கொசு வரும் என்ற பயத்தைப் பலர் சொன்னார்கள். சென்னையில் மலேரியா பரப்பும் கொசு பெரும்பாலும் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது, டெங்குக் கொசு பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும். ராத்திரி நம்மைப் பிடுங்குகிற கொசு சாக்கடை கலந்து தேங்கின நீரில் வளர்வது. மீன் உயிரோடிருக்கும் தண்ணீரில் புழுக்கள் தப்புவது கஷ்டம்.

நிபந்தனை என்றேனே, அது இந்தச் சாக்கடைதான். பிப்ரவரியில் பல வாரம் மழையே இல்லாத ஒரு காலையில், மேற்குப் பக்க மழைநீர் வடிகால் வாயிலிருந்து சோப்பு நுரையோடு தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் வந்தால் அது யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர், சில சமயம் அதைவிட மோசமானது. அந்த இணைப்புகளைக் கண்டுபிடித்துக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்காமல் மூன்றில் எதைச் செய்தாலும் மீன் மறுபடி சாகும். மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாகப் போய் எந்த வாயில் நுரை வருகிறது என்று குறித்து, அதை மனுவோடு இணைத்தால் பேச்சு சுருங்கும்.

சேறு அள்ளுவதும் சுவரைத் தணிப்பதும் செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும். பலகையைத் தூக்கத் தோட்டக்கார அண்ணன் ஒத்துக்கொண்டார். கூட இன்னொரு ஆள் வேண்டும் என்றார், என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.