ஃபென்டஸி லீக்குக்குக் காசு கட்டும் முன் இதை ஒருமுறை வாசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கம் ஃபென்டஸி பிரீமியர் லீக் (இங்கிலாந்து ஃபுட்போல் மெட்ச்சுகளை வைத்துப் போனில் விளையாடும் புள்ளி விளையாட்டு) விளையாடும் தம்பிமார் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15ஆம் திகதி புது சீசன் தொடங்குகிறது. போன சீசனில் எங்களிடம் காசு சேர்த்த அதே ஆள் இந்த முறையும் வட்ஸ்அப்பில் லீக் கோட் அனுப்பத் தொடங்கிவிட்டார். நேற்று இரவு என் கூட்டாளி ஒருவனுக்கே வந்திருக்கிறது.

நான் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம். ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். 2024 ஜூலையில் கடைக்கு அடிக்கடி வரும் ஓர் அண்ணன் லீக் ஒன்று தொடங்குவதாகச் சொன்னார். ஆளுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 36 பேர் சேர்ந்தோம், 90,000 ரூபாய். முதல் பரிசு 40,000, இரண்டாவது 20,000, மூன்றாவது 10,000. மிச்சம் 20,000ஐ ஆகஸ்ட் முதல் மே வரை பத்து மாதத்துக்கு, அந்தந்த மாதம் கூடப் புள்ளி எடுத்தவருக்கு 2,000 வீதம் கொடுப்பதாகப் பேச்சு. தனக்கு ஒரு சதமும் வேண்டாம், ஃபுட்போல் மேல் உள்ள ஆசைக்காகத்தான் செய்கிறேன் என்றார். காசு முழுவதும் அவருடைய வங்கிக் கணக்குக்கே போனது.

பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கும் அம்மா அப்பாவும் இதை வாசிக்கக் கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு முழுக்க இலவசம். கணக்கில் மட்டும் உள்ள 100 மில்லியன் பவுணுக்குள் 15 வீரர்களை எடுக்க வேண்டும், ஒரு கழகத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. நிஜ மெட்ச்சில் அவர்கள் செய்வதற்கு ஏற்ப 38 கேம்வீக்குக்கும், அதாவது சீசனின் ஒவ்வொரு மெட்ச் சுற்றுக்கும், புள்ளி விழும். சொந்தமாக ஒரு லீக் திறந்து, கோட் கொடுத்துக் கூட்டாளிகளைச் சேர்ப்பதும் இலவசம்தான். பரிசுக் காசு என்பது நமக்குள் நாமே சேர்ப்பது. அதற்கும் விளையாட்டை நடத்தும் பிரீமியர் லீக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏமாந்தால் அங்கே முறையிட வழியே கிடையாது.

என்னோடு அக்கா மகனும் சேர்ந்தான். பத்தொன்பது வயது. அந்த 2,500ஐ அக்கா கொடுத்தாள். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். இரண்டரை நாள் கொழுந்தெடுத்த காசு அது. அவர்களுடைய லயத்தில் சிக்னல் வராது. சனிக்கிழமை முதல் மெட்ச் இங்கிலாந்தில் பகல் பன்னிரண்டரைக்கு என்றால் டீமை மாற்றும் டெட்லைன் அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பு, நமக்குப் பின்னேரம் 3.30. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 4.30. மழையென்றாலும் பனியென்றாலும் அவன் மேட்டுக் கோயில் வரை ஏறிப்போய்த்தான் கெப்டனை மாற்றிவிட்டு வருவான். கெப்டனுக்கு இரட்டிப்புப் புள்ளி என்பதால் அந்த ஒரு மாற்றத்தைத் தவறவிட மனம் வராது.

ஆகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் மூன்று மாதப் பரிசும் சொன்னபடி வந்தது. குரூப்பில் ரசீதையும் போட்டார். எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது அந்த மூன்று ரசீதால்தான். நவம்பரில், மாதாமாதம் அனுப்புவது கரைச்சலாக இருக்கிறது, சீசன் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அந்த சீசன் லிவர்பூல் வீரர் சலாவின் சீசன் என்பது விளையாடிய எல்லோருக்கும் தெரியும். 29 கோல், ஃபென்டஸியில் 344 புள்ளி, அதற்கு முன் எந்த வீரரும் ஒரு சீசனில் அவ்வளவு எடுத்ததில்லை. நான் அவரை ஒரு வாரம்கூட விற்கவில்லை. ஜனவரியிலிருந்து லீக்கில் நான்தான் முதலாவது. பெப்ரவரி கடைசியில் அட்டவணையைத் திறந்தபோது கீழே புதிதாகச் சேர்ந்தோர் என்ற பகுதியில் ஒரு டீம் இருந்தது. கேம்வீக் முடிந்து அட்டவணை புதுப்பிக்கப்பட்டதும் அந்த டீம் நேராக எனக்கு மேலே போய் உட்கார்ந்தது, என்னைவிட 35 புள்ளி கூட.

இது எப்படி நடக்கும் என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பிறகு தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களுடையது போல மொத்தப் புள்ளியை வைத்து இடம் போடும் கிளாசிக் லீக்கில் கோட் கையில் இருந்தால் சீசன் நடுவிலும் சேரலாம். சேரும் டீம் பூச்சியத்திலிருந்து தொடங்காது, முதல் வாரத்திலிருந்து எடுத்த புள்ளி அத்தனையையும் கூடவே கொண்டுவரும். நடத்துபவரால் யாருடைய புள்ளியையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் நன்றாக ஓடும் ஒரு டீமை ஏழு மாதம் கழித்து உள்ளே கொண்டுவர முடியும். பிடிக்காத டீமை லீக்கிலிருந்து நீக்கவும் முடியும். எங்கள் அண்ணன் இரண்டையும் செய்தார்.

குரூப்பில் கேட்டேன். கொழும்பில் உள்ள தன் கூட்டாளி என்றும், காசைக் கையில் வாங்கிவிட்டதாகவும் சொன்னார். நடுவில் சேரக்கூடாது என்று யாராவது முதலில் சொன்னீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். உண்மையில் நாங்கள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் சீட்டுப் பிடிக்கும் ஒரு பெண் கொப்பியில் எல்லோர் பெயரையும், யாருக்கு எந்த மாதம் என்பதையும் எழுதி, சேர்ந்த ஒவ்வொருவருக்கும் காட்டிவிட்டுத்தான் முதல் மாதக் காசையே வாங்குவாள். எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிற அவள் செய்ததைக்கூட, போன் வைத்திருந்த நாங்கள் 36 பேரும் செய்யவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த டீமின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு டீம் எந்தெந்த லீக்கில் இருக்கிறது என்பது அங்கே தெரியும். எங்கள் லீக்கின் பெயரிலேயே இன்னும் இரண்டு லீக் இருந்தன, கடைசியில் ஊர்ப் பெயர் மட்டும் வேறு. ஒன்று நுவரெலியா, மற்றது பண்டாரவளை. பண்டாரவளையில் என்னோடு படித்த ஒருவன் இருக்கிறான், அவனிடம் விசாரிக்கச் சொன்னேன். இரண்டு நாளில் போன் எடுத்தான். அங்கேயும் அதே அண்ணன், அதே 2,500, அதே டீம். மார்ச் முதல் வாரத்தில்தான் உள்ளே வந்திருக்கிறது, வந்த உடனே முதலிடம்.

இதைக் குரூப்பில் போட்ட அன்று இரவே அட்மின் மட்டும் எழுதலாம் என்று குரூப்பைப் பூட்டிவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மே 25ஆம் திகதி இரவு எட்டரைக்குக் கடைசி மெட்ச்சுகள் பத்தும் ஒரே நேரத்தில் தொடங்கின. முடியும்போது எனக்கு 2,471, அந்த டீமுக்கு 2,498. சரி, இரண்டாம் பரிசாவது வரட்டும் என்று இருந்தேன். ஜூனில் இரண்டு தடவையாக மொத்தம் 8,000 வந்தது. மிச்சத்தைக் கேட்ட மறுநாள் லீக் அட்டவணையில் என் டீமே இல்லை. நாலாவதாக இருந்த அக்கா மகன் மூன்றாம் இடத்தில் நின்றான். அவனுக்கும் பரிசு கொடுக்கவில்லை. நவம்பர் முதல் மே வரை உள்ள மாதப் பரிசு 14,000 யாருக்கும் வரவில்லை.

பொலிசுக்குப் போகலாமா என்று பேசினோம். காசு வைத்து விளையாடிய விஷயம், நாமே மாட்டிக்கொள்வோமோ என்று பலர் பின்வாங்கினார்கள். அந்தப் பயம்தான் அவருக்கு வசதி.

எனக்குக் கோபம் 12,000 ரூபாய்க்காக மட்டும் இல்லை. அக்கா மகனோடு சேர்த்து ஐந்து பேரை அந்த லீக்குக்குக் கூட்டிப்போனது நான். அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய 2,500ஐ என் சம்பளத்தில் கொடுத்துவிட்டேன். மற்ற நாலு பேருக்கும் மாதம் ஒருவராகக் கொடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்களுக்குக் கோட் வந்தால் முதலில் கேட்க வேண்டியது காசு யார் கையில் இருக்கும் என்பதைத்தான். லீக்கை நடத்துபவரும் காசை வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. முதல் டெட்லைனுக்கு முன்பே காசு கட்டிய எல்லோருடைய பெயரும் டீம் பெயரும் குரூப்பில் வர வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத டீம் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பரிசு இல்லை என்று அதற்குக் கீழேயே எழுதி, எல்லோரும் சம்மதம் சொல்ல வேண்டும். புள்ளி சமமானால் குறைவாக டிரான்ஸ்பர் (வீரர் மாற்றம்) செய்தவர் மேலே என்பது விளையாட்டின் சொந்த விதி, அதையே வைத்துக்கொள்ளலாம். மாதப் பரிசு ஒரு மாதம் பிந்தினாலும் அன்றைக்கே கேளுங்கள், நாங்கள் நவம்பரில் இருந்தது போல இருந்துவிடாதீர்கள். அட்டவணையை வாரா வாரம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஜூலையில் விளையாட்டைப் புது சீசனுக்கு மாற்றும்போது பழைய லீக் அட்டவணை போய்விடும், உங்கள் டீமின் மொத்தப் புள்ளியும் இடமும் மட்டும்தான் மிஞ்சும். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

இந்த சீசனில் நாங்கள் 14 பேர் மட்டும், ஆளுக்கு 500 ரூபாய். காசு அக்காவின் கையில் இருக்கிறது, கணக்குக் கொப்பி அக்கா மகனிடம். அந்த அண்ணனின் பெயரை இங்கே போடவில்லை. லீக் பெயரின் கடைசியில் ஊர்ப் பெயர் ஒட்டி, 2,500 ரூபாய் என்று உங்களுக்கு ஒரு கோட் வந்திருந்தால் காசு அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள். மூன்று லீக்கின் ஸ்கிரீன்ஷொட்டும் அனுப்புகிறேன்.