மணவாளக்குறிச்சி வீட்டு ஜன்னலும் ஒரு விரல் நீளத் தாழும்

இந்த ஆடியில் ஊரில் 23 நாள் இருந்தேன். அதில் பாதி நாள் ஒரு ஜன்னல் ஷட்டரின் தாழோடு போய்விட்டது. வங்கி வேலை, ஆதார் திருத்தம், அம்மையின் கண் பரிசோதனை எல்லாம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தாழைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வயதான தாயை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, ஊருக்கு ஒரு போன் போட்டு, "அந்த ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்று கேட்டால் எனக்கு அது போதும்.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலுக்கு நடந்து போகும் தூரம். மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்கே ஒரு அறை இழுத்துக் கட்டினோம். அதில் இரண்டு பெரிய ஜன்னல். ஜன்னலுக்குக் கம்பி அழி போட வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். 2009 முதல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். அங்கே வீட்டு ஜன்னல்களில் நம்மைப் போலக் கம்பி அழி பார்ப்பது அபூர்வம். பதிலாகப் பட்டை பட்டையாகச் சுருண்டு இறங்கும் ஷட்டர் இருக்கும். ரோல்லாடன் என்பார்கள். இருட்டத் தொடங்கியதும் தெருவில் வீடு வீடாக அது இறங்கும் கடகட சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் நாள் முடிந்த மாதிரி இருக்கும். அதே மாதிரி அம்மைக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "அழி இல்லாத ஜன்னலா?" என்று அம்மை அன்றே கேட்டாள். நான் கேட்கவில்லை. "ஜெர்மன் மாடல், இறங்கினா தானா பூட்டிக்கும்" என்று சொல்லி ஒரு கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. மேற்கு அறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறக்கப் போனேன்.

"அதத் தொடாண்டாம் மக்களே. அது தொறக்காது."

பங்குனியில் சிக்கியதாம். ஷட்டரின் கடைசிப் பட்டையில் இரண்டு ஓரத்திலும் உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி ஒரு தாழ் உண்டு. ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டுச் சேனலில் இருக்கும் ஓட்டைக்குள் அது போய் உட்காரும். இடது பக்கத் தாழ் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், திரும்பி வரவேயில்லை. அம்மை தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அடித்துப் பார்த்திருக்கிறான். கடைக்குப் போன் போட்டால் "நாளைக்கு ஆள் வரும்." நான்கு மாதமாக என் அம்மை கடற்காற்று அடிக்கிற வீட்டில் பகலில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. "நீ அங்கிருந்து என்ன செய்வே" என்றாள். அது எனக்குத் தாங்கவில்லை.

நான் ஏழு தடவை போன் செய்தேன். நான்காவது நாள் ஒரு தம்பி வந்தார், ஸ்குரூடிரைவர் ஒன்று மட்டும் கையில். பார்த்துவிட்டு, "பாட்டம் பிளேட்டோட செட்டா மாத்தணும் அக்கா. கொச்சியில இருந்து வரணும், மூணு வாரம்" என்றார். ஒரு ஜன்னலுக்கு 8,500 ரூபாய். எனக்கு டிக்கெட் இருக்கும் நாளே அவ்வளவு இல்லை. ஜெர்மனியில் கடையில் வாங்கிய பொருளுக்கு இரண்டு வருடம் விற்றவரே சட்டப்படி பொறுப்பு. இங்கே பில்லைக் காட்டினால், "இதுல வாரண்டின்னு எழுதலியே அக்கா" என்று அந்தத் தம்பி பாவமாகச் சொல்கிறார். அவரைக் கோபித்து என்ன பயன்? அனுப்பியவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கு உறக்கம் போனது இதனால் அல்ல. அன்று சாயங்காலம் அக்கா மகன் வந்திருந்தான், பன்னிரண்டு வயது. வெளியே நின்று பந்து விளையாடிக்கொண்டிருந்தவன், இரண்டாவது ஜன்னலில், அதாவது "நல்லா இருக்கிற" ஜன்னலில், இறக்கி விட்டிருந்த ஷட்டருக்கு அடியில் விரலைக் கொடுத்து மேலே தள்ளினான். அது சத்தம் போட்டுக்கொண்டே அவன் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிட்டது. பந்தைப் போல அவனே உள்ளே உருண்டு வந்திருக்கலாம். ஒரு ஷட்டர் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, இன்னொன்று பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் பூட்டியிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் எழுபத்து நான்கு வயது அம்மை தனியாகப் படுத்திருக்கிறாள்.

அன்று இரவு நான் அந்த ஜன்னலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தேன்.

மறுநாள் அத்தான் சொல்லி, திங்கள்நகரில் கடை ஷட்டர் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். காலையில் போன், மூன்று மணிக்குப் பைக்கில் வந்து நின்றுவிட்டார். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: நான் இருக்கும் ஊரில் இப்படி ஒரு வேலைக்காரர் வர வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும், வந்து போகும் வண்டிக் கூலியே தனியாகப் பில்லில் ஏறும். அண்ணாச்சி முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எங்க அக்கா, பாப்போம்" என்று அம்மையிடம் கேட்டுவிட்டு வேலையில் இறங்கினார்.

மேலே இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டுப்பட்டைக் குழாய், அதில்தான் ஷட்டர் சுருளும். குழாயிலிருந்து முதல் பட்டைக்கு வரும் இணைப்பைக் காட்டி, "இதா தானா பூட்டிக்கிறது?" என்றார். அங்கே இருந்தது மெல்லிய தகடு, கையால் வளைக்கலாம். ஜெர்மனியில் திருட்டுக்குத் தாங்கும் என்று விற்கிற ஷட்டர்களில் அந்த இடத்தில் விறைப்பான கண்ணிகள் இருக்கும். ஷட்டர் முழுதும் இறங்கி, குழாய் கடைசியாகக் கொஞ்சம் சுழலும்போது அவை நிமிர்ந்து நின்று முதல் பட்டையைக் கீழ்நோக்கி அழுத்திக்கொள்ளும். வெளியே இருந்து ஒருவன் தூக்கினால் அந்த விசை கண்ணி வழியாக நேரே குழாயில் போய் இடிக்கும், சுருள வழியில்லை. தகடு அப்படி நிற்காது, மடங்கிக் கொடுத்துவிடும். எங்களுக்கு விற்றவர் பெயரை மட்டும்தான் ஜெர்மனியிலிருந்து எடுத்திருக்கிறார்.

அங்கே இதற்கெல்லாம் ஒரு அளவுகோல் உண்டு. இஎன் 1627 என்கிற ஐரோப்பியத் திருட்டுத்தடுப்புத் தரத்தில் ஆர்சி 2 என்கிற படி என்றால், ஸ்குரூடிரைவர், குறடு, ஆப்பு வைத்து ஒருவன் முயன்றால் 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரையோடு வந்தாலும் 5 நிமிடம். வெறும் மூன்று நிமிடமா என்று தோன்றும். ஆனால் சத்தம் போடாமல் சட்டென்று உள்ளே நுழையப் பார்ப்பவனுக்கு மூன்று நிமிடம் பெரிய நேரம். எங்கள் ஷட்டர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று நொடிகூடத் தாங்கவில்லை.

"அடுத்த வருசம் அந்தக் கண்ணிகளை அங்கிருந்து வாங்கி வருகிறேன் அண்ணாச்சி, மாட்டித் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர் அம்மையைப் பார்த்து, "அக்கா, ராத்திரி இதை எப்படி எறக்கி விடுவிய?" என்றார்.

"காத்து வரணும்லா. பட்டைக்கு எடையில ஓட்டை தெரியுத மாதிரிதான் விடுவேன்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கண்ணிப் பூட்டு விழ வேண்டுமானால் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் ஓட்டையே தெரியாமல் முழுதும் இறங்க வேண்டும். குளிர்நாட்டில் அது சரி. இங்கே அப்படி மூடினால் அறை வெந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் மூடிய மாதிரி இருக்கும் மரச்சட்ட ஜன்னல்களுக்கு உள்ளே காற்று வந்துகொண்டே இருக்கும். இந்த மண்ணுக்கு ஜன்னல் என்றால் அதுதான். ஓட்டை விட்டுப் படுக்கிற அம்மைக்கு, எவ்வளவு நல்ல கண்ணி போட்டாலும் ஒரு இரவுகூட அது பூட்டியிருக்காது.

அண்ணாச்சி நிரைப்பலகையை நினைவுபடுத்தினார். ஷட்டர் வருவதற்கு முன் சந்தைக் கடைகளை எப்படி அடைப்பார்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. பலகைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதியிருக்கும். வரிசை தப்பாமல் காடியில் ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை போட்டுப் பூட்டு. எங்கள் தாத்தா கடையில் திண்டுக்கல் பூட்டு, கையில் எடுத்தால் அரைப்படி அரிசி கனம் கனக்கும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாத்தாவைத்தான் நினைத்தேன். "கடைசிப் பலகையைப் பூட்டினா எல்லாப் பலகையும் பூட்டினதாக்கும்" என்றார் அண்ணாச்சி. ஷட்டரிலும் அப்படித்தான். பட்டைகளுக்கு நடுவில் ஓட்டை தெரிந்தாலும் கடைசிப் பட்டை ஜன்னல் படியில்தான் நிற்கும். அதன் இரு ஓரத்தையும் சேனலோடு சேர்த்துப் பிடித்துவிட்டால், மேலே எப்படி இருந்தாலும் தூக்க முடியாது. ஆக, நாங்கள் ஓரமாக நினைத்த அந்தச் சின்னத் தாழ்தான் இங்கே உண்மையான பூட்டு.

அப்புறம் அந்தச் சிக்கிய தாழ். மண்ணெண்ணெயை ஊசியில் ஏற்றிச் சேனலுக்குள் விட்டு, மரக்கொட்டாப்பிளியால் பைய பையத் தட்டி, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம். மேலே பளபளவென்று இருந்த பூச்சு உரிந்து, உள்ளே செங்கல் நிறத் துரு. சேனலின் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, துருவோடு சேர்ந்து கட்டியாகியிருந்தது. அதில் தேங்காய் எண்ணெய் பிசினாக உறைந்து, எங்கள் கடற்கரைக் கருமணலைப் பிடித்து வைத்திருந்தது. அந்த மணலில் கார்னெட் கலந்திருக்கும், உப்புத்தாள் செய்கிற சரக்கு. அது தேய்த்தால் எந்தத் தாழ் ஓடும்?

சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனார். தாழ் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுன்னு சொல்லித் தந்தானாக்கும்?" ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள். கடலோரத்தில் உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். இதை விற்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? முட்டம், குளச்சல் என்று ஒவ்வொரு கரையிலும் படகு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் சாவி போட்ட சென்டர் லாக் வைக்கலாமே என்று கேட்டேன். கடை ஷட்டரில் நடுவில் சாவியைத் திருப்பினால் இரண்டு பக்கமும் கம்பி போய் உட்காருமே, அது. அண்ணாச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"வேண்டாம் பிள்ளே. இது வெளிய இருந்து பூட்டுத கடை இல்ல, உள்ள ஆளு கெடக்குத வீடு. ராத்திரி தீயோ பொகையோ வந்தா அக்கா இருட்டுல தாக்கோலத் தேடுமா?"

அழி இல்லாத ஜன்னலுக்கு இருக்கும் ஒரே நல்ல குணம், ஆபத்தில் அது வாசலாகும் என்பதுதான். அதையும் சாவி போட்டு அடைத்திருப்பேன். திருடனை மட்டும் நினைத்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு இது படவே இல்லை.

இரண்டாம் நாள் நான்கு தாழ் செய்து கொண்டுவந்தார். படகு வேலைக்கு வாங்கும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை வெட்டி லேத்தில் கடைந்தது. 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்குச் சாதாரண 304 ரக ஸ்டீலை விட நன்றாகத் தாங்கும். சேனலின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குள் வெள்ளை நைலான் புஷ் (குழாய் மாதிரி ஒரு உறை) ஒன்றை அடித்து இறக்கினார், ஸ்டீல் அலுமினியத்தைத் தொடவே கூடாது என்று. குமிழை ஒரு விரலால் தள்ளிக் கீழே சாய்த்தால் தாழ் உட்காரும், நிமிர்த்தி இழுத்தால் வரும். எண்ணெய் கூடவே கூடாது, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும் என்றார். அம்மையை ஆறு தடவை தள்ளவும் இழுக்கவும் வைத்துப் பார்த்தார். வலது கையில் வாதம் இருப்பதைப் பார்த்து ஒரு குமிழைக் கழற்றி, கொஞ்சம் பெரிதாகக் கடைந்துகொண்டு வந்து மறுநாள் மாட்டினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து 2,600 ரூபாய்.

அக்கா மகனை வெளியே நிறுத்தித் தூக்கச் சொன்னோம். அப்புறம் அத்தான். அப்புறம் அண்ணாச்சியே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினார். பட்டை வளைந்து முனகியது, எழும்பவில்லை.

கடையிலிருந்து கொச்சிச் சரக்கு வந்துவிட்டதா என்று யாரும் இன்றுவரை சொல்லவில்லை. அம்மை வெளியூர் போனால் பகலிலும் ஷட்டரை இறக்கி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் போலீஸ்காரர்களே சொல்வார்கள், பகலில் மூடிக் கிடக்கும் ஷட்டர் வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்று. அதற்குப் பக்கத்து வீட்டு மைனியிடம் சொல்லி, காலையில் ஏற்றி மாலையில் இறக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன்.

இப்போது தினமும் இரவு ஒன்பதரைக்கு அம்மை போன் போடுகிறாள். எனக்கு அங்கே சாயங்காலம் ஆறு மணி. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னாலேயே, "ரெண்டு பக்கமும் போட்டாச்சு மக்களே, காத்தும் வருது" என்கிறாள்.