வன்னி வெயிலில் ஒரு பாசினெட்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

பிரான்சில் இருந்த காலத்தில் புகூர்ட் சண்டைக்காக வாங்கிய பாசினெட் என்ற தலைக்கவசம் இது. முழு உடற்கவசம் பூட்டி, மழுக்கிய வாளாலும் கோடரியாலும் மெய்யாகவே அடித்துக்கொள்ளும் விளையாட்டு அது. 2013இல் அதன் உலகப் போட்டி தென் பிரான்சின் ஏக்-மோர்த் நகரில் நடந்தது. நான் ஊர் திரும்பியபோது கவசமும் கிளிநொச்சிக்கு வந்துவிட்டது. இங்கே எனக்கு எதிரே நிற்பவர்கள் சிலம்பம் பழகும் இளைஞர்கள். கண்டவர்கள் எல்லோரும் வன்னியின் பழைய மன்னனை நினைத்துக் கேட்டது ஒரே கேள்வி: “பண்டாரவன்னியன் நாடகத்துக்கா?”

வடிவம் 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்வீரர்கள் அணிந்தது. கீலில் தூக்கி இறக்கும் முகத்தகடு, கழுத்தை மூடும் சங்கிலி வலை, எல்லாம் சேர்த்து 5 கிலோவுக்கு மேல். உருக்கைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 2 மில்லிமீற்றர் பதமேற்றிய தகடு; கோடரி விழுந்த இடத்தில்கூடச் சிறு பள்ளம்தான். ஆனால் தகடு மண்டையைப் பிளக்கவிடாது, அவ்வளவே. அதிர்ச்சியைத் தாங்குவது உள்மெத்தை. வாங்குபவர்கள் பளபளப்பையும் தடிப்பையும் பார்க்கிறார்களே தவிர, மெத்தையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

கூட வந்த மெத்தை குளிர்நாட்டுக்குத் தைத்தது. இங்கே ஒரு சுற்று முடிவதற்குள் வியர்வையில் ஊறிக் கனத்துவிடும். காயாமல் மூடி வைத்தால் மறுநாள் கிட்டப் போக முடியாது. நாளடைவில் பஞ்சு அமுங்கி, கவசம் தலையில் ஆடத் தொடங்கியது. தலையை ஆட்டும்போது கவசம் பிந்தி வந்தால் அதை அணிந்து அடி வாங்கக் கூடாது. உள்ளூர்த் தையல்காரர் ஒருவர் பழைய பருத்திச் சாரங்களை அடுக்கடுக்காக வைத்து நெருக்கித் தைத்து, கழற்றக்கூடிய இரண்டு மெத்தைகள் செய்து தந்தார். இலவம் பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது சீக்கிரம் தட்டையாகிவிடும். இப்போது ஒன்று தலையில், மற்றது கொடியில்.

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி கீலுக்குள் புகுந்து நறநறக்கும். மாரியில் துருவும் தோல்வாரில் பூஞ்சணமும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியை அள்ளிப் பிடிக்கிறது. தையல் இயந்திர எண்ணெய்தான் சரி. நாடிவாரை நைலோனுக்கு மாற்றிவிட்டேன், வெளியே தெரியாது.

பள்ளம் எடுக்கப் பரந்தன் பக்கம் ஒரு உழவு இயந்திரப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஐயா உடனே காஸ் விளக்கைப் பற்றவைத்தார். “சூடாக்க வேண்டாம் ஐயா, பதம் போய்விடும்” என்றேன். “அப்படியென்றால் இது லொறி வில்தகடு மாதிரிச் சாமான் தம்பி” என்று விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே உருண்டைக் கட்டையை முட்டுக்கொடுத்துக் குளிரிலேயே தட்டி எடுத்தார். விரலால் தடவினால் மட்டுமே தெரியும் ஒரு மேடு மிச்சம்.

சிலம்பத்துக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது கண்துளை. புகூர்ட்டில் குத்துவது தடை. துளை அந்தக் கணக்கில் வெட்டப்பட்டது. பிரம்பு முனை நார் நாராகப் பிளந்தால் ஒரு சிம்பு தாராளமாக உள்ளே போகும். அதனால் எங்கள் பயிற்சியில் முகத்துக்குக் குத்து இல்லை, பிளந்த கம்புக்கு இடமும் இல்லை.

மறுபடி வாங்குவதானால் இதே வடிவம்தான் வாங்குவேன். தைத்தேனியம் பாரம் குறைவு, விலைதான் கட்டாது. முகத்தகட்டின் கீல்முள் மட்டும் கையால் உருவி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; என்னுடையதைக் கழற்ற ஒவ்வொரு முறையும் சுத்தியல் தேட வேண்டியிருக்கிறது.