ரவுட்டர்ல ஹார்டு டிஸ்க்கா, தனி நாஸ் பாக்ஸா?

வீட்டுல எல்லாரும் ஃபைல ஒரே இடத்துல வச்சு பாக்க ரெண்டு வழி இருக்கு: ரவுட்டர்லயே டிஸ்க்க சொருகுறது, இல்லன்னா நாஸ், அதாவது டிஸ்க்க வச்சு வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் பகிருற தனி பெட்டி. வேளச்சேரி பக்கம் அபார்ட்மென்ட்ல வைஃபை லிஸ்ட்ட திறந்தாலே பக்கத்து வீட்டு நெட்வொர்க்கா வரிசை கட்டி நிக்கும், அதனால எதை வாங்குனாலும் முதல்ல ரவுட்டர் செட்டிங்ஸ்ல வைஃபை பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3, இல்லன்னா டபிள்யூபிஏ2 போட்டு, டபிள்யூபிஎஸ்ஸ (பட்டன் அமுக்கி இல்ல பின் நம்பர் போட்டு வைஃபைல சேருற வசதி) ஆஃப் பண்ணிடுங்க.

செலவு: ரவுட்டர் யூஎஸ்பில பழைய டிஸ்க்க சொருகுனா கிட்டத்தட்ட ஓசி. நாஸ்னா பாக்ஸுக்கு தனி காசு, டிஸ்க்குக்கு தனி காசு.

பாதுகாப்பு: இங்கதான் விஷயமே இருக்கு. பழைய ரவுட்டர் பலதும் எஸ்எம்பி 1ங்கிற பழைய ஃபைல் பகிர்வு முறைலதான் ஷேர் பண்ணும், 2017ல ஃபைல பூட்டி காசு கேட்ட வானாக்ரை வைரஸ் விண்டோஸ்ல பரவுனது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாதான். நாஸ்ல ஆளுக்கொரு லாகின், அப்பாவோட ஃபோல்டர்ல பசங்க கை வைக்க முடியாது, ரெய்டு 1 (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவ எழுதுற முறை) போட்டா ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணுல எல்லாம் இருக்கும்.

கரண்ட்: நாஸுக்கு யூபிஎஸ் கட்டாயம்.

டிவில படம் பாக்க மட்டும்னா ரவுட்டர் போதும். குழந்தை போட்டோ, பத்திர ஸ்கேன்லாம்னா நாஸ்தான், அப்பவும் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து பீரோல வைங்க.